பூனாகலையின் வாக்கு எவருடைய சொத்து?

(பூனாகலையில் தோட்டத் தொழிலாளரும் ஆசிரியர்களும் மரக்கறிச் செய்கையாளரும் கூடிய பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை.)



மலைமுகட்டில் மழை இருட்டிக்கொண்டு வருகின்றது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களை நெடுநேரம் இருத்திவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருள் எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கொன்றைப் பற்றியது. வழக்கறிஞன் வழக்கைச் சுருக்கமாகச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. பொறுத்தருள்க.

பண்டாரவளையிலிருந்து பேருந்தில் வரும்போது பக்கத்தில் இருந்த அன்பர் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஐயா, பூனாகலை எந்தக் கட்சியின் ஊர்?" என்னால் விடை கூற இயலவில்லை. அமெரிக்காவிலே ஒரு சிற்றூரைப் பற்றி இக்கேள்வியைக் கேட்டால் உடனே விடை கிடைக்கும். ஒவ்வொரு வாக்களிப்பு வட்டாரத்தின் முடிவையும் அங்கே தனித்தனியாக வெளியிடுகிறார்கள். இந்தச் சிற்றூர் நாற்பது ஆண்டுகளாகக் குடியரசுக் கட்சி, அந்த ஊர் ஜனநாயகக் கட்சி என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். நமது பாராளுமன்றத் தேர்தலிலோ பல நிலையங்களின் வாக்குச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணுகிறார்கள். பூனாகலையின் வாக்கு இவ்வளவு, அது இன்னாருக்குப் போயிற்று என்று எந்த அரசாங்கப் பத்திரமும் கூறாது. எனினும் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னர் யாரோ ஒருவர் கொழும்புக்குச் சென்று, "அந்த மலையின் வாக்கு முழுவதும் என் கைக்குள்" என்று பேரம் பேசி வருகிறாரே, அந்தத் துணிவு எங்கிருந்து பிறந்தது? அதை ஆராயவே வந்தேன்.

முதலில் என் அப்பாயியைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். இந்தப் பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர் அவர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்தார். அப்போது பதுளை இரண்டு அங்கத்தவர்களைத் தெரிவு செய்யும் தொகுதி. லங்கா சமசமாஜக் கட்சியின் ஜே. சி. ரி. கொத்தலாவலையும், இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையாவும் தெரிவாயினர். சிங்கள இடதுசாரி ஒருவரும் தோட்டத் தமிழர் ஒருவரும் ஒரே தொகுதியின் பெயரால் ஒரே சபைக்குச் சென்ற காலம் அது. நாடு முழுவதிலும் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில், காங்கிரஸ் அபேட்சகர் இல்லாத இடங்களில், தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. அன்றைய மலையகத்தின் மனச்சாய்வைக் கேட்பீர்களானால் இதுவே விடை: ஒரு கை தன் இனத்தின் ஸ்தாபனத்தை நோக்கி, மறு கை உழைப்பாளர் கட்சிகளை நோக்கி.

அப்பாயியின் அடுத்த வாக்கு எப்போது தெரியுமா? 1994ஆம் ஆண்டு! இடையே நாற்பத்தேழு ஆண்டுகள். இளமையில் ஒரு வாக்கு. கைத்தடி ஊன்றிய பின்னர் மறு வாக்கு. அவர் எங்கும் போய்விடவில்லை. அதே தோட்டம், அதே லயம், அதே காம்பிரா. அவர் இருந்த இடத்திலேயே இருக்க, சட்டம் அவரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தது.

அச்சட்டங்களின் பெயர்களை நமது பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் முதலாவது. ஒருவன் இலங்கையிலே பிறந்தால் மட்டும் போதாது. அவனுடைய தகப்பனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனைப் பெற்ற பாட்டனும் அந்தப் பாட்டனைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்து மனிதன் பூட்டனின் பிறப்பை எந்தப் பத்திரத்தால் நிரூபிப்பான்? இரண்டாவது, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம். விண்ணப்பித்தால் தருவோம் என்றது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டோர் 1,34,000 பேர் அளவினரே. மூன்றாவது, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜை அல்லாதவன் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கலாகாது என்று ஒரே வரியில் கதவைச் சாத்தியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழரின் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை. வடக்கின் தமிழ்த் தலைவர்கள் அக்காலத்தில் ஒருமுகமாக நமக்காக நின்றார்கள் என்று நான் கூறமாட்டேன். ஜீ. ஜீ. பொன்னம்பலம் மந்திரிசபையிலே சேர்ந்தார். செல்வநாயகம் எதிர்த்துப் பிரிந்தார். 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அது வேறொரு கூட்டத்துக்குரிய பேச்சு.

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒரு வழக்கை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கேகாலைப் பக்கத்து ருவான்வெல்லைத் தொகுதியின் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடகன் பிள்ளை என்பவர் கேட்டார். பிரஜை அல்ல என்று மறுத்தார்கள். இடாப்பைத் திருத்தும் உத்தியோகத்தராய் இருந்த சிவஞானசுந்தரம், இச்சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை மீறுகின்றது, ஆகவே செல்லாது என்று துணிந்து தீர்ப்பளித்தார். ஒரு சமூகத்தாருக்கு மாத்திரம் இடையூறு விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்பதே அப்பிரிவின் கருத்து. உயர் நீதிமன்றம் அவருடைய தீர்ப்பைத் தள்ளியது. 1953ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் தள்ளியது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான உரிமை, விண்ணப்பித்துப் பிரஜையாகும் வழியும் திறந்திருக்கிறதே என்பது நீதிபதிகளின் நியாயம். சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை என்பது உண்மை. அதன் பாரம் எவர் தலையில் விழுந்தது என்பதும் உண்மை. நீதிமன்றம் முதலாவது உண்மையைக் கண்டது. இரண்டாவதைக் காண மறுத்தது.

இதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்னர், 1915இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் இதைப் போன்ற பாட்டன் கதையொன்று வந்தது. ஒக்லஹோமா மாநிலத்தார் வாக்காளனுக்கு எழுத்தறிவுச் சோதனை வைத்தார்கள். ஆனால் 1866ஆம் ஆண்டின் முதல் நாளிலே வாக்குரிமை பெற்றிருந்தவர்களின் சந்ததியாருக்குச் சோதனை இல்லை என்றார்கள். 1866இல் வாக்குரிமை பெற்றிருந்தவன் யார்? வெள்ளையன். கறுப்பன் என்ற சொல் அச்சட்டத்திலும் இல்லை. ஆயினும் அந்த நீதிமன்றம் சொல்லின் மறைவில் ஒளிந்திருந்த நோக்கத்தைக் கண்டு, பாட்டன் விதியைத் தள்ளுபடி செய்தது. அதனால் கறுப்பின மக்களுக்கு மறுநாளே வாக்குக் கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். புதிய தடைகள் முளைத்தன. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை தெற்கு மாநிலங்களின் சிற்றூர்களில் அவர்கள் வாக்குச் சாவடிக்கு வெளியிலேயே நின்றார்கள். நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே வாக்காகிவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். என் தொழிலுக்கு விரோதமான பேச்சுத்தான், இருந்தாலும் உண்மை.

அமெரிக்காவின் பேச்சு வந்ததால் இன்னும் ஒன்று. 1787இல் அவர்கள் அரசியலமைப்பை எழுதியபோது, மாநிலங்களுக்கு ஆசனங்களைப் பங்கிடுவதற்கு அடிமைகளையும் கணக்கில் சேர்த்தார்கள். ஐந்து அடிமைகளுக்கு மூன்று பேர் என்ற கணக்கு. அடிமைக்கு வாக்கில்லை, அவன் தலைக்கணக்கில் எஜமானுக்கு ஆசனம். நமது கதை என்ன? சோல்பரி அரசியலமைப்பில் 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்று மாகாணங்களுக்கு வகுத்தார்கள். மக்கள் என்றால் பிரஜையும் பிரஜை அல்லாதவனும். ஆகவே ஊவாவுக்கும் மத்திய மாகாணத்துக்கும் ஆசனங்களைக் கணக்கிட்டபோது என் அப்பாயியின் தலையும் எண்ணப்பட்டது. வாக்களிக்கும் நாளில் மட்டும் அந்தத் தலை இல்லை. அமெரிக்க அடிமை ஐந்தில் மூன்று. நாமோ ஐந்துக்கு ஐந்தும்! நமது தலைகளால் பெருகிய ஆசனங்களில் வேறெவரோ அமர்ந்தார்கள். கொஸ்லந்தைச் சிங்கள விவசாயிக்கும் அதனால் வாழ்வு மலர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். அவனுடைய கமத்துக்குத் தண்ணீர் வராமைக்கு நாம் காரணமல்லோம்.

பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் கணக்கில் வைக்கப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம்மில் எவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னார்க் கப்பலில் ஏறிய உறவினர் இல்லாத குடும்பம் இந்தச் சபையில் உண்டா?

இனி நாடற்ற நிலை நீங்கிய கதை. 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் படிப்படியாகப் பிரஜாவுரிமையைத் தந்தன. இதிலே சௌமியமூர்த்தி தொண்டமானுடைய பங்கை மறைத்துப் பேசுவது நன்றிகொன்ற செயலாகும். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாவது அங்கத்தவராகத் தெரிவாகி, மந்திரிசபைக்குள் இருந்துகொண்டே அவர் பேரம் பேசினார். கூட்டு வாக்கு என்ற ஆயுதம் அவரிடம் இருந்தது. வாக்கைக் கட்டாகக் கட்டி வைத்திருந்தமையால்தான் பிரஜாவுரிமை கிடைத்தது என்று சொல்வோரை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்தக் கட்டு பின்னர் என்னவாயிற்று? தோட்டத்தில் ஒருவனுடைய தொழிற்சங்கமும் அவனுடைய வாக்கும் ஒன்றாகவே கருதப்பட்டன. சந்தாப் பணம் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டுச் சங்கத்துக்குப் போகும். ஆகையால் எந்தத் தோட்டத்தில் எந்தச் சங்கத்துக்கு எத்தனை பேர் என்ற கணக்குத் தலைமைக் காரியாலயத்தில் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். பேருந்து அன்பரின் கேள்விக்கு அரசாங்கப் பத்திரத்தில் இல்லாத விடை, சந்தாப் புத்தகத்தில் இருந்தது! கொழும்புப் பேரத்தின் கைம்முதல் அதுதான். துரையோடு தகராறு வந்தால் பேசுவதற்குச் சங்கம் வேண்டும். மரண வீட்டுக்கு லொறி வேண்டுமென்றால் தோட்டக் கமிட்டித் தலைவர் வேண்டும். அவர் சொன்ன சின்னத்துக்குப் புள்ளடி போடாதவனுக்கு நாளைக்கு யார் துணை? இந்த அச்சத்தை நான் பழிக்கவில்லை. அந்த அச்சத்தை வியாபாரமாக்கியவர்களையே பழிக்கிறேன்.

அவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். மறைத்துப் பயனில்லை. இளஞ் சட்டத்தரணியாய் இருந்த காலத்தில், ஒரு தேர்தலின்போது, மூன்று இலக்கங்கள் எழுதிய துண்டுச் சீட்டுகளை லயம் லயமாகக் கொடுத்துக்கொண்டு போனேன். இவைதான் விருப்பு வாக்குகள், வேறெதையும் பார்க்க வேண்டாம் என்றேன். ஒரு தாய் என்னைக் கேட்டார்: "தம்பி, இந்த மூன்று பேரும் யார்?" இரண்டு பேருடைய பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. மூன்றாமவர் யார் என்று எனக்கே தெரியாது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

2014ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். செப்டெம்பர் 20ஆம் நாள் ஊவா மாகாணசபைத் தேர்தல். எத்தனை வாகனங்கள் இந்த மலைகளில் ஏறின! அடுத்த 39ஆம் நாள், அக்டோபர் 29ஆம் நாள் காலையிலே, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. வாக்குக் கேட்க வந்த எவரும் அந்த எச்சரிக்கையைப் பற்றி வாய் திறந்ததாக நான் கேள்விப்படவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை. 2023 மார்ச்சில் இதே பூனாகலையில், கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்தன. மண்சரியும் மலையை விட்டுப் போவதற்கு ஒரு துண்டு நிலமாவது சொந்தமாக இருக்க வேண்டும். காம்பிராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவன் எங்கே போவான்? மரக்கறித் தோட்டம் செய்யும் அன்பர்களுக்கும் இதே கதைதான். லயத்துக்குப் பின்னால் கிழங்கும் கோவாவும் போடும் நிலம் எவருடையது என்று நாளை ஒரு கம்பனி கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் என்ன உண்டு?

இன்னொரு வேடிக்கையையும் சட்டப் புத்தகத்தில் கண்டேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதாவது அதுவரை நாம் பிரதேச சபைக்கு வாக்களித்தோம். நாம் தெரிவு செய்த சபையோ நமது பாதைக்கு ஒரு கூடை கல் போடவும் தயங்கியது. 31 ஆண்டுகள்! இக்காலம் முழுவதும் நாம் சின்னத்தைக் கேட்டோம், தலைவரைக் கேட்டோம். சட்டத்தின் 33ஆம் பிரிவைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் என்னைப் போன்ற படித்தவர்கள். ஆசிரியப் பெருமக்கள் இதனைத் தங்களுக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்வார்களாக.

இப்போது 2024க்கு வருவோம். செப்டெம்பர் 21ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு முதலிடம் தந்தது. 54 நாட்கள் கழிந்து, நவம்பர் 14ஆம் நாள் பொதுத் தேர்தலில் அதே மாவட்டத்தின் ஒன்பது ஆசனங்களுள் ஆறு தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அந்த ஆறு பேருள் இருவர் மலையகத் தமிழர்: கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல். மலையகத் தமிழ்ப் பெண்ணொருத்தி வாக்குப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றது அந்தத் தேர்தலிலேதான். நான் அக்கட்சியினன் அல்லேன். அதற்காக இங்கு வக்காலத்துப் பேசவும் வரவில்லை. மாவட்ட முடிவைத் தோட்டத்து முடிவென்று கொள்வதும் பிழை. ஆயினும், எட்டு வாரத்துக்குள் ஒரு மாவட்டம் இப்படித் திரும்புமானால், வாக்குகளைச் சந்தாப் புத்தகத்தில் வைத்துப் பூட்டியிருப்பதாகச் சொன்னவர்களின் பூட்டு எங்கே?

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை அலட்சியமாகத் தள்ள நான் ஆயத்தமில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 100க்கு 18 பேர் அளவினர். விகிதாசார முறையிலே வாக்குச் சிதறினால், விருப்பு வாக்குப் பட்டியலில் தமிழர் பின்தள்ளப்படுவர். 2010ஆம் ஆண்டு அதுவே நடந்தது. பதுளையிலிருந்து ஒரு தமிழரும் பாராளுமன்றம் போகவில்லை. 2015இல் வாக்கு ஒரு பட்டியலில் திரண்டது. வடிவேல் சுரேஷ், அ. அரவிந்தகுமார் இருவரும் தெரிவாயினர். ஆகவே திரண்டால்தான் வாழ்வு என்கிறார்கள். கணக்குச் சரிதான். ஆனால் 2020இல் அதே இருவரையும் எதிர்க்கட்சிப் பட்டியலில் மீண்டும் அனுப்பினோம். அவ்வாண்டு அக்டோபரிலேயே, ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20ஆம் திருத்தத்துக்கு அரவிந்தகுமார் அரசாங்கத்தோடு சேர்ந்து கையுயர்த்தினார். அவருக்கு அவருடைய நியாயம் இருக்கலாம். அந்த நியாயத்தைப் பூனாகலைக்கு வந்து முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று நாம் ஒருவரிடமும் நிபந்தனை விதித்ததில்லை.

திரள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரள்வதை எவர் தீர்மானிப்பது என்றே கேட்கிறேன். பேரம் கொழும்பிலே முடிந்து, சின்னம் மட்டும் இங்கே வந்து சேரும் வழக்கத்தை மாற்றுவோம். அபேட்சகர் யாராயினும் இந்த மேடைக்கு வரட்டும். காணி உறுதி, சரியும் மலையிலிருந்து குடிபெயர்வு, பாதை ஆகிய மூன்றுக்கும் எழுத்திலே விடை தரட்டும். அதன்பின் லயத்துக்கு லயம் கூடிப் பேசுங்கள். கணவன் ஒரு சின்னத்துக்கும் மனைவி வேறொரு சின்னத்துக்கும் போட்டால் கூரை இடிந்து விழாது.

ஓர் எச்சரிக்கை. பிரதேச சபைத் தேர்தல் 2018 முதல் வட்டார முறையில் நடந்தது. வாக்குகளை அந்தந்த வட்டாரத்திலேயே எண்ணினார்கள். பாராளுமன்றத் தேர்தலில் கலந்து மறையும் நமது வாக்கு அங்கே மறைவதில்லை. எந்த மலை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று மறுநாட் காலையிலேயே தெரிந்துவிடும். பேருந்து அன்பர் அப்போது தமது கேள்விக்கு விடை பெறுவார்; அதே விடை தோட்டத்து அலுவலகத்துக்கும் சங்கக் காரியாலயத்துக்கும் போகும். "உங்கள் மலை எமக்குப் போடவில்லை" என்று சொல்லித் தண்ணீர்க் குழாயையோ கூரைத் தகரத்தையோ எவராவது மறுப்பாராயின், அந்தத் திகதியையும் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். கட்டணம் வேண்டாம்.

அப்பாயி 1994இல் வாக்களித்துவிட்டு வந்தபோது நான் பள்ளி மாணவன். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். மையிட்ட விரலைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, "அது எனக்குத் தெரியும்" என்றார். கமிட்டித் தலைவர் கேட்டபோதும் அதே விடைதான்.

வாக்காளர் இடாப்பின் பிரதியொன்றை வாசலில் மேசைமீது வைத்திருக்கிறோம். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் உங்கள் பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் ஆசிரியர் இருவர் அங்கேயே படிவத்தை நிரப்பித் தருவார்கள். நாளைக் காலையில் கிராம உத்தியோகத்தரிடம் கொண்டுபோகலாம். மழை வந்துவிட்டது. முதலில் குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கு வழிவிடுங்கள்.